மாணாவுக்கு ஒரு மணி நேரம் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரங்களில் பத்ரிநாத் யாத்திரை நோட்டீசுகள் கடைவாசல்களிலும் கோயில் மண்டபங்களிலும் தென்படத் தொடங்கிவிடுகின்றன. அவற்றில் பலவற்றில் பத்ரிநாத் தரிசனத்துக்கு அடுத்த வரியில் 'மாணா கிராமம் பார்த்தல்' என்று இரண்டு மூன்று சொற்கள் இருக்கும். நடைமுறையில் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதில்லை. திபெத் எல்லைப் பக்கத்து அந்தச் சிற்றூருக்கு ஒரு முழுப் பகலையும், முடிந்தால் ஓர் இரவையும் ஒதுக்க வேண்டும் என்று நம் பகுதி யாத்திரை அமைப்பாளர்களையும், அவர்களை நம்பி வீட்டுப் பெரியவர்களை அனுப்பிவைக்கும் குடும்பங்களையும் கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்துக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் மாணா இருக்கிறது. நெடுங்காலம் 'இந்தியாவின் கடைசிக் கிராமம்' என்று அழைக்கப்பட்டு வந்த இவ்வூருக்கு 2022 அக்டோபர் 21 அன்று வந்த பிரதமர், எல்லையோர ஊர் ஒவ்வொன்றையும் நாட்டின் முதல் கிராமமாகவே கருத வேண்டும் என்றார்; அடுத்த ஆண்டு ஊர் நுழைவாயிலில் 'முதல் கிராமம்' என்ற பலகையும் எழுந்தது. நம் குழுக்களில் வருவோர் அந்தப் பலகையருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், பெயர்பெற்ற அந்த எல்லைத் தேநீர்க் கடையில் ஒரு தேநீர் குடிக்கிறார்கள், வண்டி ஹாரன் அடித்ததும் ஓடி வந்து ஏறிவிடுகிறார்கள். அவ்வளவு தொலைவு போனவர்கள் எதைப் பார்க்காமல் திரும்புகிறார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊருக்குள் வண்டி போகாது. கல் பாவிய ஏற்றப் பாதையில் வீடுகளுக்கு நடுவே நடந்துதான் போக வேண்டும். முதலில் விநாயகர் குகை. சற்று மேலே வியாசர் குகை. வியாசர் பாரதத்தைச் சொல்லச் சொல்ல விநாயகர் எழுதியது இங்கேதான் என்பது தலமரபு. வியாசர் குகையின் மேல் கூரையாக அமைந்த பாறை, ஏடுகளை அடுக்கிவைத்தாற்போல் வரிவரியாக இருப்பதால் அதை வியாசரின் சுவடி என்றே ஊரார் வணங்குகிறார்கள். பிள்ளையார்பட்டிக் குடைவரையில் கைகூப்பி வளர்ந்த நம் ஊர் ஆச்சிகளுக்கு அந்தச் சிறிய விநாயகர் குகையில் பத்து நிமிடமாவது அமைதியாக அமர வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பின்னால் நிற்பவர்களும் வழிகாட்டியும் அவசரப்படுத்துவதால் அது பெரும்பாலும் நடப்பதில்லை.

அங்கிருந்து நடந்தால் பீம் புல் வரும். குறுகிய மலைப்பிளவுக்கு இடையே பேரிரைச்சலோடு பாயும் சரஸ்வதி ஆற்றின் குறுக்கே ஒரு பெரும்பாறை பாலமாகக் கிடக்கிறது. சுவர்க்கத்தை நோக்கி நடந்த பாண்டவர்களுடன் சென்ற திரௌபதி ஆற்றைக் கடப்பதற்காகப் பீமன் அதைத் தூக்கிப் போட்டதாகச் சொல்வார்கள். காசி யாத்திரையின்போது பிரயாகையில் கங்கை, யமுனையோடு கண்ணுக்குத் தெரியாத சரஸ்வதியையும் மனத்தால் வணங்கிவிட்டு வரும் மரபு நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அவ்வாறு வணங்கிய ஒருவர் மாணாவில் நிற்கும்போது, நுரைத்துக்கொண்டு பாய்ந்துவரும் ஓர் ஆற்றைக் காட்டி இதுதான் சரஸ்வதி என்று சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பாறைப் பிளவிலிருந்து வெளிப்பட்டுச் சிறிது தூரம் ஓடிக் கேசவப் பிரயாகையில் அலக்நந்தாவுடன் கலந்துவிடும் அந்த ஆற்றை, கைபேசித் திரையின் வழியாக மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பீம் புல்லைக் கடந்தால் வசுதாரா அருவிக்கு நடைபாதை தொடங்குகிறது. போக ஐந்து, ஆறு கிலோமீட்டர் ஏற்றம். திரும்ப அதே தூரம். சுமார் 400 அடி உயரத்திலிருந்து விழும் நீர், காற்றில் சிதறித் தூறலாகவே கீழே வந்து சேர்கிறது. பாவம் செய்தவர் மீது அதன் துளி விழாது என்ற நம்பிக்கையும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகும் நம் இளைஞர்களுக்கு, காலையில் புறப்பட்டுப் பிற்பகலுக்குள் திரும்பக்கூடிய இந்த நடை கட்டாயம் வாய்க்க வேண்டும்.

காட்சிகளைவிட எனக்குப் பெரிதாகப் படுபவர்கள் அவ்வூர் மக்கள். மார்ச்சா எனப்படும் போட்டியா பழங்குடியினரான இவர்கள், ஆடுகளின் முதுகில் தானியத்தை ஏற்றிக்கொண்டு மாணா கணவாய் வழியாகத் திபெத்துக்குப் போய் உப்பும் கம்பளியும் கொண்டுவந்து வாணிபம் செய்தவர்கள். கடல் கடந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வணிகம் செய்யப் போன முன்னோர்களைக் கொண்ட நமக்கு, 1962 போரோடு ஒரே ஆண்டில் ஒரு பாதை மூடப்பட்டு ஒரு சமூகத்தின் தொழிலே நின்றுபோனது எத்தகைய இழப்பு என்பது மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். இன்று அவர்கள் உருளைக்கிழங்கு பயிரிடுகிறார்கள், ஆடு வளர்க்கிறார்கள், கம்பளி நூற்றுச் சால்வையும் விரிப்பும் நெய்கிறார்கள். பனிக்காலத்தில் ஊர் முழுவதும் வீடுகளைப் பூட்டிக்கொண்டு கோபேஷ்வர் பக்கத்துத் தாழ்வான ஊர்களுக்கு இறங்கிவிடும்; பத்ரிநாத் நடை திறக்கும் காலத்தில் மீண்டும் மேலே ஏறி வரும்.

பத்ரிநாத் கோயிலோடு இவ்வூருக்கு உள்ள உறவை நம் பக்தர்கள் பலரும் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. கார்த்திகை வாக்கில் நடை சாத்தும் நாளில், மாணாவின் திருமணமாகாத பெண்கள் நெய்து கொடுக்கும் கம்பளியில் நெய் தடவி அதையே பெருமாளுக்குப் போர்த்துகிறார்கள். ஆறு மாதம் கழித்து நடை திறக்கும்போது அந்தக் கம்பளி பிரசாதமாக வழங்கப்படுகிறது. ஆழ்வார்கள் பாடிய திவ்வியதேசம் என்று எண்ணி வதரியாச்சிரமத்துக்கு இத்தனை ஆயிரம் தமிழர்கள் போகிறோமே, அந்தப் பெருமாளுக்குப் பனிக்காலப் போர்வை நெய்து தருபவர்களின் வீட்டு வாசலில் நின்று நான்கு வார்த்தை பேசிவிட்டு வரலாகாதா?

இதை எழுதும்போது கானாடுகாத்தானும் ஆத்தங்குடியும் நினைவுக்கு வருகின்றன. நம் வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் முகப்பைப் படம்பிடித்துக்கொண்டு அரை மணியில் போய்விடும்போது, வளவுக்குள் வந்து இரண்டாம் கட்டையும் பார்த்திருக்கலாமே, பதிகல் எப்படி வார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கலாமே, கண்டாங்கி ஒன்று வாங்கியிருக்கலாமே என்று நமக்கு ஆற்றாமை வருகிறது. அதே ஆற்றாமை மாணாவில் கம்பளிப் பின்னலோடு படியில் அமர்ந்திருக்கும் பெண்களுக்கும் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பகுதிக் குழுக்கள் சமையல்காரரையும் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூளையும் உடன் கொண்டுபோவது வழக்கம். பெரியவர்களின் வயிற்றுக்கு அது நல்லதுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விளைவாக மாணாவில் நம்மவர்கள் செலவிடுவது ஒரு தேநீர்க் காசாகச் சுருங்கிவிடுகிறது. பயணச் செலவில் குறைந்தது 5 விழுக்காட்டையாவது உள்ளூர்ப் பொருள்களுக்குச் செலவிடுங்கள் என்று 2022-இல் அதே ஊரில் பிரதமர் விடுத்த வேண்டுகோளை நம் அமைப்பாளர்கள் நோட்டீசிலேயே அச்சிடலாம். ஒரு வேளை உணவையாவது ஊர்க்காரர் வீட்டில் ஏற்பாடு செய்யலாம். எல்லையோர ஊர்கள் காலியாகிவிடக் கூடாது என்பதற்காக மத்திய அரசு 2023-இல் 4,800 கோடி ரூபாயில் துடிப்பான கிராமங்கள் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் அங்கே குடியிருப்பவர்களுக்கு அன்றாடம் கையில் காசு புழங்குவதற்கு வருகிறவர்கள் தங்கியாக வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் அமைப்பாளர்கள் வெளிப்படையாக இருக்க வேண்டும். சமவெளியிலிருந்து ஒரே மூச்சில் ஏறாமல், பீப்பல்கோட்டியிலோ ஜோஷிமடத்திலோ ஓரிரவு தங்கிப் போனால் மூச்சுத்திணறல் குறையும். இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே பெயர் கொடுக்க வேண்டும் என்று நோட்டீசிலேயே எழுத வேண்டும். ஆடி, ஆவணி மழையில் மலைச்சரிவால் சாலை அடைபடுவது அங்கே வழக்கம் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது; வைகாசியும் புரட்டாசியும் ஏற்றவை. அந்த மலையின் கடுமையை இலேசாக எண்ணவும் கூடாது. 2025 பிப்ரவரி 28 அன்று மாணா அருகே சாலைப் பணியாளர் முகாம் மீது பனிச்சரிவு விழுந்து 54 பேர் சிக்கியதையும், அவர்களில் எட்டுப் பேர் உயிரிழந்ததையும் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் சொகுசாகப் போய்வரும் சாலை அத்தகையவர்களின் உழைப்பால் திறந்திருக்கிறது.

வரும் பருவத்துக்கான நோட்டீசுகள் அச்சாகும் முன்பே நம் பகுதி அமைப்பாளர்கள் பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கூட்டி, மாணாவுக்கென்று தனியே ஒதுக்க வேண்டும். அதனால் கட்டணம் சற்று உயர்ந்தாலும் அதை ஏற்கக் குடும்பங்கள் முன்வர வேண்டும். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் பத்ரிநாத்தைப் பற்றி எழுதும்போது இவ்வூரைப் பற்றியும், கம்பளி நெய்யும் அந்தப் பெண்களைப் பற்றியும் சில பத்திகள் எழுதுமாறு தங்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.