பளபளக்கும் ப்ரூஃபில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடி தொடங்கினால் நாளிதழ்களில் துணிக்கடை விளம்பரங்கள் முழுப் பக்கத்துக்கு வரும். கூடவே, அச்சுக்கு முன் ஒப்புதலுக்காக எடுக்கும் மாதிரிப் பிரதியான ப்ரூஃபைப் பற்றி விளம்பரப் பிரிவுக்கு ஒரே புகாரும் வரும்: "ப்ரூஃபில் மயில் கழுத்து நிறம் அப்படியே இருந்தது, பேப்பரில் சாம்பல் பூத்துக் கிடக்கிறது." மெஷின்காரர் மையைக் குறைத்துவிட்டார் என்றே கடைக்காரர் நினைக்கிறார். பெரும்பாலும் பழி அவர்மேல் போக வேண்டியதில்லை. கடைக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இங்க்ஜெட் ப்ரூஃப், நாளிதழ் அச்சைக் காட்டும்படி எடுக்கப்படவே இல்லை.

அளவுகளைப் பார்த்தால் புரியும். நிறத்தின் வெளிச்சத்தை, கன்னங்கருப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100 என்று அளக்கிறோம். ஆர்ட் பேப்பர் (பூச்சிட்ட வழுவழுப்புத் தாள்) ஆஃப்செட் அச்சுக்கான ஃபோக்ரா 39 என்ற அளவீட்டில் தாள் 95, கருப்பு மை 16. நாளிதழ் அச்சுக்கான ஐஎஸ்ஓ 12647-3 தரத்தில் தாள் 82, கருப்பு மை 36. அதாவது ஆர்ட் பேப்பரில் 79 படி இறங்க இடம் உண்டு. நாளிதழ்த் தாளான நியூஸ்பிரிண்ட்டில் 46 படிதான். மயில் கழுத்துக்கு உயிரே சியான் என்ற நீல மை. அதன் நிறச் செறிவு, சாம்பலுக்கு 0 என்ற கணக்கில், ஆர்ட் பேப்பரில் சுமார் 62. நியூஸ்பிரிண்ட்டில் 35-ஐத் தாண்டினாலே பெரிது. ஃபோட்டோ பேப்பரில் அடிக்கும் இங்க்ஜெட்டோ ஆர்ட் பேப்பரையே மிஞ்சும். ஆகவே அது நியூஸ்பிரிண்ட் நிறத்தைத் தாராளமாகக் காட்ட முடியும். காட்டச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

சொல்வதற்கு இரண்டு ப்ரொஃபைல் வேண்டும்; ஒரு கருவி எந்த எண்ணுக்கு எந்த நிறம் தரும் என்று சொல்லும் கோப்புதான் ப்ரொஃபைல். ஒன்று அச்சு இயந்திரத்தினுடையது. நாளிதழுக்கு ஐஎஸ்ஓ நியூஸ்பேப்பர் 26 வி4, அல்லது அதற்குப் பின் வந்த வான்-இஃப்ரா நியூஸ்பேப்பர் 26 வி5. பெயரில் இருக்கும் 26 என்பது டாட் கெயின்: 50 விழுக்காட்டுப் புள்ளி தாளில் ஊறிப் பரவி ஏறத்தாழ 76 ஆகிவிடும். மற்றொன்று உங்கள் பிரிண்டருடையது. அது அந்தப் பிரிண்டர், அந்த மை, அந்தத் தாள், டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) வைத்த அந்த செட்டிங் ஆகிய நான்கும் சேர்ந்ததற்கு மட்டுமே செல்லும். கார்ட்ரிட்ஜுக்குப் பதில் கடையில் பாட்டில் மை வாங்கி ஊற்றிய அன்றே பழைய ப்ரொஃபைல் செல்லாக் காசு.

பிரிண்டர் ப்ரொஃபைல் எடுக்கும்போது முதலில் நாசில் செக், அதாவது மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்ற சோதனை. ஒரு கோடு விட்டிருந்தாலும் மேலே போகக்கூடாது. பிறகு வண்ணக் கட்டங்கள் கொண்ட சார்ட்டை, எந்த நிறத் திருத்தமும் இல்லாமல் அடிக்க வேண்டும். போட்டோஷாப்பில் இதற்கென இருந்த வசதியை சிஎஸ்5 பதிப்போடு எடுத்துவிட்டார்கள்; அடோபியின் கலர் பிரிண்டர் யுடிலிட்டி என்ற சிறு மென்பொருள் வழியாக அடிக்கலாம். அடித்ததும் அளக்க உட்காரக் கூடாது. இங்க்ஜெட் மை காயக் காய நிறம் நகரும். ஒரு இரவு விட்டுவிட்டு, மறுநாள் காலை நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியில் அளப்பதே பாதுகாப்பு. அவசரத்தில் ஈரத்தோடு அளந்த ப்ரொஃபைல், ஒவ்வொரு ப்ரூஃபிலும் அதே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்யும்.

அடுத்தது ஃபைல். பல டிடிபி மையங்களில் போட்டோஷாப் நிறுவியபடியே கிடக்கிறது. அச்சு மைகளான சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) என்று மாற்றினால் அது அமெரிக்க ஸ்வாப் வி2 ப்ரொஃபைலுக்குப் போகிறது. அதில் நான்கு மையும் சேர்ந்து (ஒவ்வொன்றுக்கும் 100 வீதம் 400-இல்) 300 விழுக்காடு வரை ஏறும். நாளிதழ் வி4 ப்ரொஃபைலின் உச்சம் 240, வி5-இல் 220. நாளிதழ் அச்சடிக்கும் கோல்ட்செட் மெஷினில் மையை உலர்த்தச் சூளை கிடையாது, தாள் உறிஞ்சித்தான் காய வேண்டும். 300 கொட்டினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், பின்பக்கத்தில் தெரியும், படிப்பவர் விரலிலும் வரும். மூலப் படம் ஆர்ஜிபியில் (கேமரா, திரை பயன்படுத்தும் சிவப்பு-பச்சை-நீல முறையில்) இருக்கும்போதே 'கன்வர்ட் டு ப்ரொஃபைல்' மூலம் நாளிதழ் ப்ரொஃபைலுக்கு மாற்றுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'அசைன் ப்ரொஃபைல்' வேறு சங்கதி. அது எண்களைத் தொடாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், மை அதே 300-இல் நிற்கும். பிடிஎஃப் ஆன பிறகு அக்ரோபாட்டின் 'அவுட்புட் ப்ரிவ்யூ'வில் மொத்த மை அளவைப் பார்த்துவிடலாம்.

இனி அச்சடிப்பது. முதலில் 'வியூ' மெனுவின் 'ப்ரூஃப் செட்டப்', 'கஸ்டம்' என்பதில் நாளிதழ் ப்ரொஃபைலைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் சன்னலில் நிறத்தைப் போட்டோஷாப் கையாளட்டும் என்று வைத்து, பிரிண்டர் ப்ரொஃபைல் இடத்தில் உங்கள் ப்ரொஃபைல். 'நார்மல் பிரிண்டிங்' என்று இருப்பதை 'ஹார்ட் ப்ரூஃபிங்' ஆக்கி, குறித்துவைத்த அந்த செட்டப்பையே தேர்ந்தெடுங்கள். 'சிமுலேட் பேப்பர் கலர்' கட்டத்தில் கட்டாயம் டிக். அந்த டிக்தான் அப்சல்யூட் கலரிமெட்ரிக் கணக்கைக் கொண்டுவருகிறது: வெள்ளைத் தாளின்மேல் மெல்லிய சாம்பல் மஞ்சளை நிரப்பி, கருப்பையும் வெளுக்க வைத்து, நியூஸ்பிரிண்ட்டாக ஆக்குகிறது. அந்த டிக் இல்லாவிட்டால் ரிலேட்டிவ் கணக்கு ஓடி, பிரிண்டர் தாளின் வெண்மையே நாளிதழின் வெண்மை என்று எடுத்துக்கொள்ளும். 'பளிச்' ப்ரூஃப்கள் பிறக்கும் இடம் இதுவே.

கடைசியாக டிரைவருக்குள் போய் அங்கே நிறத் திருத்தத்தை முழுதாக அணைக்க வேண்டும். மறந்தால் ஒரே திருத்தம் இரண்டு முறை நடக்கும். முகங்கள் செம்மை ஏறி, நிழல் அடைத்துக்கொண்டு வந்தால் முதலில் இங்கே பாருங்கள். தாள் வகையும் ப்ரொஃபைல் எடுத்த அன்று வைத்ததாகவே இருக்கவேண்டும். அது மாறினால் மை விழும் அளவே மாறும்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் வரும் ப்ரூஃப் பார்க்க அழுக்காக இருக்கும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். முகம் சுளிக்காத ப்ரூஃப் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்! சுளிப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு: ப்ரூஃபைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிவிடுங்கள். பார்வையில் படும் மிக வெளுத்த பரப்பையே கண் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். ஓரம் இருக்கும்வரை படம் மங்கலாகவே தெரியும். வெட்டிய பிறகு அன்றைய நாளிதழின் மேல் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்று புரியும்.

தாளிலும் வெளிச்சத்திலும் கோட்டைவிடுவோர் உண்டு. மலிவான ஃபோட்டோ பேப்பரில், துணிக்கு நீலம் போடுவதுபோல வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். புற ஊதா ஒளி பட்டால் அது நீலமாக ஒளிரும். கருவி அதைக் கண்டு மஞ்சளைக் கூட்டும். புற ஊதா இல்லாத எல்இடி விளக்கடியில் ப்ரூஃப் மஞ்சள் காமாலை கண்டதுபோல் தெரியும். அரைப் பளபளப்புள்ள, வெண்மையூட்டி இல்லாத ப்ரூஃப் தாள் விலை கூடினாலும் அதுவே உதவும். பார்வைக்கான ஒளி டி50, அதாவது 5000 கெல்வின். கடைக்குள் இருக்கும் மஞ்சள் விளக்கும், 6500 கெல்வின் ட்யூப்லைட்டும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லும்.

கண்ணை மட்டும் நம்பாமல் ப்ரூஃபின் அடியில் 72 கட்டங்கள் கொண்ட உக்ரா/ஃபோக்ரா மீடியா வெட்ஜ் பட்டையையும் சேர்த்து அடித்து அளந்துவிட்டால் வாக்குவாதமே எழாது. இரு தரப்பும் ஏற்கும் ஒப்பந்த ப்ரூஃபுக்கான ஐஎஸ்ஓ 12647-7 தரத்தின் 2016 பதிப்புப்படி, இரு நிறங்களின் விலகலை எண்ணாகச் சொல்லும் டெல்டா ஈ 2000 கணக்கில் சராசரி வேறுபாடு 2.5-க்குள், எந்தக் கட்டமும் 5-க்குள், தாளின் நிறம் 3-க்குள் இருக்கவேண்டும். பட்டை இல்லாத ப்ரூஃப் வெறும் கலர் பிரிண்ட்தான்.

ப்ரூஃப் காட்டாதவையும் உண்டு. மெஷின் வேகத்தில் நான்கு நிறமும் மயிரிழை விலகுவதை அது காட்டாது. நான்கு மை சேர்த்த கருப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக வைத்த முகவரி இங்க்ஜெட்டில் கத்திபோல் நிற்கும். நாளிதழில் எழுத்தின் ஓட்டை அடைத்துப் போகும். சிறிய எழுத்தெல்லாம் கருப்பு மை ஒன்றில் மட்டும் இருக்கட்டும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரக் கட்டண அட்டையில் சதுர சென்டிமீட்டர் விலைக்குப் பக்கத்தில் மூன்று தகவல்களையும் அச்சிடுங்கள்: எந்த ப்ரொஃபைல், மொத்த மை உச்சம் எவ்வளவு, அச்சுப் புள்ளி வரிசைகளின் நெருக்கமான ஸ்கிரீன் எத்தனை லைன். அந்த ப்ரொஃபைல் கோப்பையும் தங்கள் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளும்படி வையுங்கள். தீபாவளி விளம்பரங்கள் வரத் தொடங்குவதற்குள் செய்தால் டிடிபி மையங்களுக்குப் பழகிக்கொள்ள நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
அச்சுக்கு முந்தைய பணிப் பிரிவினர்,
சிவகாசி