வைகாசி ஒன்றாம் தேதி

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் தேவலை. போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீயும் பயந்துபோவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

பொங்கலுக்கு வந்தபோது அலமாரியில் விட்டுப்போனாயே, காலித் ஹொசைனியின் ‘தி கைட் ரன்னர்’, அதைப் படித்து முடித்துவிட்டேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ராத்திரி ராத்திரியாக ஒன்றரை மாதம் ஆனது. காபூலில் பெரிய வீட்டுப் பிள்ளை அமீர், அந்த வீட்டு வேலைக்காரரின் மகன் ஹசன், 1975 குளிர்காலத்துப் பட்டப்போட்டி. அமீருக்கு அப்போது பன்னிரண்டு வயது என்று படித்ததும் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். 1975-ல் எனக்கும் பன்னிரண்டு வயதுதான்.

குடியாத்தத்தில் பாட்டி வீட்டுத் திண்ணை உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் திண்ணையில்தான் நாங்கள் பீடி சுற்றினோம். இலையை ஊறவைத்து, தகரத்தை வைத்து அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு கட்ட வேண்டும். எனக்குப் பக்கத்தில் எப்போதும் அவள் உட்கார்ந்திருப்பாள். என் வகுப்பு, என் வயது. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவர்கள் வீட்டுக்குத் தனியாகப் பீடிக் கம்பெனியின் பாஸ் புத்தகம் இல்லை. எங்கள் புத்தகத்தில்தான் அவர்கள் பீடியும் சேர்ந்து போகும். கூலி வந்ததும் பாட்டி எண்ணிப் பிரித்துக் கொடுப்பாள்.

வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மனின் தலை ஊர்வலமாக வரும் நாள். சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பா காட்டியிருக்கிறார். அன்றைக்குக் கூலிப் பணத்தில் இரண்டு ரூபாய் எடுத்தேன். ராட்டினம் ஏறினேன், ஐஸ் வாங்கித் தின்றேன். மறுநாள் பாட்டி எண்ணிப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் எதிரில் நிற்கவைத்துக் கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் மேல் பழி சொல்லவில்லை கண்ணு, ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வாயைத் திறக்காமலே செய்து முடித்துவிட்டேன். பாட்டி அவளைப் பார்த்து, “நாளையிலிருந்து வராதே” என்றாள். அவர்கள் வீட்டுக்கு இலையும் தூளும் நின்றுபோனது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் வரவில்லை. தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறாள் என்றார்கள்.

அமீர் செய்ததில் பெரிய பாவம் எது என்று நீயும் யோசித்திருப்பாய். சந்தில் ஹசனுக்கு அந்தக் கொடுமை நடந்தபோது அவன் ஒளிந்து நின்று பார்த்துவிட்டு ஓடினான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பயந்துவிட்டான், அதையாவது நான் பொறுப்பேன். ஆனால் பிறகு தன் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் கொண்டுபோய் ஹசனின் மெத்தைக்கடியில் வைக்கிறானே, அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹசன் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவில்லை. மாதுளம்பழத்தால் அமீர் அடித்தபோது திருப்பி அடிக்காமல், ஒரு பழத்தை எடுத்துத் தன் நெற்றியிலேயே உடைத்துக்கொண்டவன் அவன். அந்த முகத்தைத் தினமும் பார்க்க முடியாமல்தான் அமீர் அவனை வீட்டை விட்டு அனுப்பப் பார்த்தான். அது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் முடிந்து, டிரெயினிங் முடிந்து, கல்யாணம் ஆகும்வரை அவள் குடியிருந்த தெருப்பக்கம் நான் போனதே இல்லை. ஆற்றங்கரையைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போவேன். ஏன் சுற்றுகிறாய் என்று யாரும் கேட்டதில்லை.

கடைசியில் காபூலில் அமீர் அடி வாங்கும் இடம்தான் அந்தப் புத்தகமே என்று நீ சொன்னாய். எலும்பு முறியும்போது அவன் சிரிக்கிறான், இத்தனை வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது என்கிறான். நான் அப்படி நினைக்கவில்லை. அடி வாங்குவது அவனுடைய நிம்மதிக்கு. அதனால் ஹசனுக்கு என்ன கிடைத்தது? ஹசன்தான் செத்துப்போய்விட்டானே. நான் மூன்று முறை திருப்பித் திருப்பிப் படித்தது வேறு இடம். ஹசன் ஹஸாரா இனம், அங்கே அவர்களைத் தாழ்வாகப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் சாப்பாட்டு மேஜையில் மாமனார் கேட்கிறார், இந்த ஹஸாராப் பையன் ஏன் நம் வீட்டில் இருக்கிறான், ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று. அமீர் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறான். வேலைக்காரன் மனைவியிடம் என் அப்பாவுக்குப் பிறந்தவன் ஹசன், இவன் அவன் பிள்ளை, எனக்கு அண்ணன் தம்பி உறவில் மகன். இனிமேல் என் எதிரில் இவனை அப்படிச் சொல்லாதீர்கள், இவனுக்குப் பெயர் இருக்கிறது, ஸோராப் என்கிறான். போன பெயரை நாலு பேர் நடுவில் திருப்பிக் கொடுத்தான் பார், அதைத்தான் நான் கழுவாய் என்பேன்.

இது எனக்குப் புத்தகத்தால் வந்த புத்தி இல்லை. அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி, கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தது. அவள் கரையோரம்தான் இருக்கிறாள் என்று மாமா எப்போதோ சொல்லியிருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு போர்வை, அரிசி எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். உங்களிடம் உறவுக்காரர் வீடு என்று சொன்னேன். பாயைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வருஷத்துக்கு அப்புறமும் என்னைப் பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். உட்காரச் சொல்லி டீ போட்டாள். நான் சொல்ல ஆரம்பித்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்மே. நீ ராட்டினத்துல மேல போறப்ப நான் கீழ சூறைத் தேங்கா பொறுக்கினு இருந்தேன். உன்னைக் கூப்ட்டேன், உனக்குக் கேக்கல.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா உங்கம்மா உன்னைத்தான நம்பும்?” என்றாள்.

மன்னித்துவிடு என்றேன். டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “எங்கிட்ட சொல்லி இன்னாமே ஆவப்போவுது? உங்கம்மா உசுரோட இருக்கசொல்லோ சொல்லியிருக்கணும். அது சாவற வரைக்கும் என்னத் திருடின்னுதான நெனச்சுனு இருந்துச்சு.”

பாட்டி போய் அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

நான் பெரிய மாமாவிடம் போனேன். சின்னப் பாட்டியிடம் போனேன். அந்தத் தெருவில் இன்னும் உயிரோடு இருக்கிற கிழங்கட்டைகள் ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்து, அந்த இரண்டு ரூபாயை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். சிலருக்கு நினைவே இல்லை. சின்னப் பாட்டிக்கு நினைவு இருந்தது. “அந்தப் பொண்ணா? பாவம்டி” என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறு வைகாசியில் நானே அவளைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துச் சிரசு பார்த்தோம். நாற்பத்தேழு வருஷம் கழித்து அந்தத் திண்ணையில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு வரும்போது அவள் என் பக்கம் திரும்பாமலே கதையைச் சொன்னாள், நமக்குத் தெரிந்த கதைதான். அப்பன் சொல் கேட்டுத் தாயின் தலையை வெட்டிய பரசுராமன், வரம் கேள் என்றதும் முதலில் தாயைத்தான் கேட்டான். அவசரத்தில் தலையை வேறு உடம்பில் பொருத்திவிட்டான். அவள் எழுந்தாள், ஆனால் பழைய ரேணுகையாக எழவில்லை. என் சிநேகிதிக்குக் கணக்கு எவ்வளவு நன்றாக வரும் என்று உனக்குச் சொன்னேனே கண்ணு. இன்றைக்கும் கடைக்காரர் சிட்டையைப் போடுவதற்குள் தொகையைச் சொல்லிவிடுகிறாள்.

உங்கள் அப்பாவிடம் போன மாதம்தான் சொன்னேன். இப்போது உன்னிடம். பாட்டி மேல் உனக்கு எவ்வளவு பாசம் என்று தெரியும். தப்பு அவளுடையது இல்லை, அவள் மகளை நம்பினாள்.

இன்னொன்று. இங்கே இருந்த நாலு நாளும் பழைய பஸ் ஸ்டாண்டு போக நீ காகிதப்பட்டறை வழியே போகவில்லை. ஹைவேயில் ஏறி, கிரீன் சர்க்கிள் சுற்றிக்கொண்டு போனாய். டிராபிக் என்றாய். எட்டாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை ஒரே சைக்கிள், ஒரே டிபன் பாக்ஸ் என்று இருந்த பிள்ளைகள் நீயும் உன் காகிதப்பட்டறைச் சிநேகிதனும். என்ன நடந்தது என்று நான் கேட்கப்போவதில்லை, நீ சொல்லவும் வேண்டாம்.

அவன் அப்பாவுக்குப் போன வாரம் கண்ணில் புரை எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காய்கறி வாங்கப் போனபோது விசாரித்தேன். உன் பெயரைச் சொல்லி, பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். சீக்கிரம் வருவான் என்று சொல்லியிருக்கிறேன்.

டிக்கெட் எடுத்ததும் சொல்.

அன்புடன்,
அம்மா