பழைய மாண்டலினா, புதுசா?

கிருஷ்ணகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மாங்காய் வரத்து தொடங்கிவிட்டது. பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய வண்டிகள் கூழ் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன, விலைதான் வழக்கம்போல. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நாம் பேச ஆரம்பித்தால் உங்கம்மா போனைப் பிடுங்கி, சாப்பிட்டாயா, என்ன குழம்பு என்று போய்விடுவாள். அதனால்தான் கடிதம்.

எந்த மாண்டலின் வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கையில் 1,200 டாலர். ஒரு பக்கம் 1917-ல் கிப்சன் கம்பெனி செய்த ஏ மாடல், அதாவது சுருள் இல்லாத சாதாரண உடல், நீள்வட்டத் துளை. விற்பவர் வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு 1,150 கேட்கிறார். இன்னொரு பக்கம் கடையில் ஈஸ்ட்மன் கம்பெனியின் புது மாண்டலின், எஃப் துளை, வயலினில் இருப்பது மாதிரி f வடிவத்தில். மனசு எந்தப் பக்கம் என்பது நீ எழுதிய விதத்திலேயே தெரிகிறது. நீ இருக்கிற அதே மிச்சிகனில், கலமசூ ஊரில் செய்தது, நூறு வயது தாண்டியது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்தது.

ஆனாலும் அதைத் தபாலில் வாங்காதே. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் சந்தையில் மாடு வாங்குகிறவன் உண்டா? 1,150 அவருக்குப் போனால் உன்னிடம் மிஞ்சுவது 50. பழைய வாத்தியத்தின் விலை விற்பவர் சொல்வதோடு முடிவதில்லை. கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மெட்டுகள் தேய்ந்திருந்தால் எல்லாவற்றையும் கழற்றி மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு அங்கே 300 டாலர் பக்கம் ஆகிவிடும். உள்ளே பலகையைத் தாங்கும் மரப்பட்டை ஒட்டு விட்டிருந்தால் அது தனிக் கணக்கு. நம்ம கடைக்குப் பென்னாகரம் பக்கத்துக் கூத்துக்காரர்கள் கொண்டுவரும் ஆர்மோனியப் பெட்டிகளை நீயே பார்த்திருக்கிறாய். வெளியே பளபளவென்று இருக்கும், திறந்தால்தான் சங்கதி தெரியும்.

அந்த வயது கிப்சனில் முதலில் பார்க்க வேண்டியது கழுத்து. இப்போது செய்பவற்றில் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடும், ட்ரஸ் ராட் என்பார்கள். கழுத்து வளைந்தால் அதைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். கிப்சனில் அது வந்ததே 1920-களின் தொடக்கத்தில்தான். 1917-ல் கிடையாது. எட்டுக் கம்பியின் இழுப்பையும் வெறும் மரம்தான் நூறு வருஷமாகத் தாங்கியிருக்கிறது. பல நேராகவே இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இது வளைந்திருந்தால் திருக எதுவும் இல்லை, பெரிய வேலைதான். நேராகவே இருந்தாலும் மெல்லிய கம்பிதான் போட வேண்டும்.

அடுத்தது குதிரை, மேல்பலகை மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் கட்டை. அதன் உயரம் பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடும். குதிரையை அளவுக்கு மீறி உயர்த்தி வைத்திருந்தால் மேல்பலகை உள்ளே இறங்கியிருக்கலாம். துளைக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தால் பள்ளம் தெரியும். குதிரையை அடிமட்டத்துக்குத் தாழ்த்தியும் கம்பி மெட்டிலிருந்து எட்டி நின்றால், கழுத்து மேலே எழும்பிவிட்டது என்று வைத்துக்கொள். நீ அனுப்பிய படத்தில் குதிரைக்குத் திருகு சக்கரம் இருக்கிறது. அந்த மாதிரி குதிரையும் 1920-களில் வந்ததுதான், அதனால் அது பிறகு மாற்றியது. தப்பில்லை, வாசிக்கிறவளுக்கு நல்லதுகூட. ஆனால் 'எல்லாம் ஒரிஜினல்' என்று அவர் எழுதியிருக்கிறாரே, அந்த வார்த்தைக்குப் பணம் கொடுக்காதே.

பெட்டியைத் திறந்ததும் முகர்ந்து பார். விரல் படாமலிருக்க ஓரத்தில் வைத்திருக்கும் பலகை அந்தக் காலத்தில் செல்லுலாய்டு. அது கற்பூரம் சேர்த்துச் செய்வது. கெட்டுப்போகும்போது காரமான நெடி வரும், அந்த ஆவி பக்கத்திலுள்ள உலோகத்தையெல்லாம் அரித்துவிடும். கம்பி முறுக்கும் சாவிகளின் குமிழும் பொடியத் தொடங்கியிருக்கும். இதெல்லாம் போட்டோவில் தெரியாது.

பழசுக்கு நியாயமும் உண்டு. கிப்சனை நாளைக்கு விற்றால் போட்ட பணம் பெரும்பாலும் திரும்பிவிடும். புது ஈஸ்ட்மனைக் கடையை விட்டு வெளியே எடுத்தாலே விலை இறங்கும். நல்ல பழைய மரத்தின் நாதத்தையும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் நீ வாசிக்கத்தானே வாங்குகிறாய், விற்கவா?

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சனிக்கிழமை சேர்ந்து வாசிக்கும் கூட்டம் புளூகிராஸ் என்கிற அமெரிக்க நாட்டுப்புறச் சங்கீதம் வாசிப்பது என்று எழுதியிருந்தாய். அதில் மாண்டலினுக்குப் பாதி வேலை தாளம். நறுக்கென்று அடித்து உடனே ஒலியை அமுக்க வேண்டும். அதற்கு எஃப் துளைதான் வாகு. அந்தச் சங்கீதத்தின் பெரியவர் பில் மன்றோ வாசித்தது 1923-ல் கிப்சனின் வடிவமைப்பாளர் லாயிட் லோர் கையெழுத்துப் போட்டு வந்த கிப்சன் எஃப்-5. அந்த வரிசையில்தான் கிப்சன் மாண்டலினுக்கு எஃப் துளை வந்தது. இப்போது அவை லட்சம் டாலரைத் தாண்டிப் போகின்றன, பழைய கிப்சன் என்றாலே மவுசு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நீ பார்க்கிற 1917 அந்த வம்சம் இல்லை. நீள்வட்டத் துளையில் ஒலி உருண்டு நின்று கேட்கும். தனியாக உட்கார்ந்து வாசிக்க இனிமை, ஆனால் பாஞ்சோவும் ஃபிடிலும் சேர்ந்த கூட்டத்தில் அமுங்கிவிடும்.

அதனால் ஈஸ்ட்மன் பக்கம் போ. பெய்ஜிங்கில் செய்கிறார்கள் என்று யாராவது முகம் சுளித்தால் கண்டுகொள்ளாதே. மேல்பலகை முழு ஸ்புரூஸ் மரத்தைச் செதுக்கியது, பிளைவுட் இல்லை. அதைத்தான் பார்க்க வேண்டும். உடலில் சுருள் வைத்த எஃப் மாடலைக் காட்டி ஆசை காட்டுவார்கள், இந்த எஃப் துளையைச் சொல்வதில்லை, உடல் வடிவத்தைச் சொல்வது. சுருளுக்குக் கொடுக்கிற காசு கண்ணுக்குத்தான், காதுக்கு ஒன்றும் வராது. ஏ மாடலே போதும். அதிலும் ஒருவர் ஆறேழு வருஷம் வாசித்துவிட்டு விற்கிற ஈஸ்ட்மன் கிடைத்தால் இன்னும் நல்லது. விலை இறங்கியிருக்கும், கழுத்தில் ராட் இருக்கும், மரமும் கொஞ்சம் பழகியிருக்கும். நானாக இருந்தால் அதைத்தான் தேடுவேன். மிஞ்சுகிற பணத்தில் நல்ல ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து நட்டையும் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படிகிற சின்னக் கட்டை) குதிரையையும் சீர்செய்துகொள். குதிரை ஒட்டியதில்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. கொஞ்சம் நகர்ந்தாலும் மேல் மெட்டுகளில் சுருதி விலகும். எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றாதே, ஒவ்வொன்றாக மாற்று.

இதிலேயே கர்நாடக சங்கீதமும் வாசிக்கலாமா என்று கேட்டிருந்தாய். நம்ம மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்தது மின்சார மாண்டலின். இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது ஒன்றும் சேர்த்துக்கொண்டார். இரட்டைக் கம்பியை இழுத்துக் கமகம் கொண்டுவருவது பாடுதான், இரண்டும் ஒன்றாக வளையாது. வர்ணம் பழகலாம், அதற்கு மேல் ஆசைப்பட்டால் தனியாக ஒன்று இங்கேயே செய்துகொள்ளலாம். அவசரமில்லை.

உங்கள் ஊர்க் குளிரில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டால் காற்று வறண்டுவிடும். ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். பெட்டிக்குள் வைக்க ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி விற்கிறார்கள், அதையும் வாங்கிவிடு. புதுசும் வெடிக்கும்.

கிப்சன் ஆசை அப்படியும் போகவில்லையென்றால், கலமசூ பக்கத்துக் கடைகளில் ஏதாவது இருக்கிறதா என்று மாப்பிள்ளையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். கையில் எடுத்து வாசி. வாங்கத் தோன்றினால் துளை வழியாக உள்ளே போனை விட்டுப் படமெடுத்து எனக்கு அனுப்பு, பட்டையும் லேபிளும் தெரிய வேண்டும். நான் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் கொடுக்காதே.

ஊருக்கு வரும்போது கடைக்கு நாலு செட் மாண்டலின் கம்பி வாங்கி வா, மெல்லிசு. சர்ச் பையன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்புடன்,
அப்பா