அந்த டீ-ஷர்ட்டை இன்னும் வைத்திருக்கிறாயா?

அன்புள்ள கார்த்தி,

வாட்ஸ்அப்பில் போட்டால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவாய், அதனால்தான் மெயில். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை, டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்திருக்கிறார், மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

உங்கள் ஒஹாயோ ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கும், அக்கா இருக்கிற ஆன் ஆர்பர் ஊரின் மிச்சிகன் யூனிவர்சிட்டிக்கும் நடந்த அமெரிக்கக் கால்பந்து மேட்ச் பார்த்தேன். நவம்பர் 29, நமக்கு ராத்திரி பத்தரைக்கு ஆரம்பித்தது. அவர்கள் ஊரிலேயே, கொட்டுகிற பனியில், 27-9. 2021-லிருந்து வரிசையாக நாலு வருஷம் அவர்களிடம் தோற்று, அதிலும் போன வருஷம் உங்கள் சொந்த மைதானத்திலேயே 13-10 என்று தோற்று, அவர்கள் நடு மைதானத்தில் கொடி நட வந்து கைகலப்பாகி, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடித்து, நீ பத்திரமாக வீட்டுக்குப் போனாயா என்று அம்மா விடிகிற வரைக்கும் போன் அடித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் ஜெயித்திருக்கிறீர்கள். குடும்ப குரூப்பில் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அக்காவிடமிருந்தும் இல்லை. சித்தப்பா மட்டும் வழக்கம்போல் சூரியகாந்திப் பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார்.

வேலை அதிகமோ? லேபில் இருந்தாயோ? இருக்கட்டும், நான் கேட்கவில்லை.

ஜனவரியில் நோட்ர டேம் டீமை 34-23 என்று அடித்து நீங்கள் சாம்பியன் ஆனபோது, என் வாக்கிங் கோஷ்டிக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அவர்களுக்கு அந்த ஆட்டமும் தெரியாது, ஒஹாயோ எங்கே இருக்கிறது என்றும் தெரியாது, ஆனால் எங்கள் பையன் பிஎச்.டி. படிக்கிற இடம், ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம் என்று சொன்னதும் வாயைப் பிளந்தார்கள். மகள் இருக்கிற ஊரில் அதைவிடப் பெரிசு, 1,07,601 பேர் என்பதையும் சொன்னேன். இதற்கு நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. அவளும் நான் பெற்றவள்தானே.

நீ அங்கே போன புதிதில் இந்தக் கேலியை எல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். மிச்சிகன் என்று வாயால் சொல்லக் கூடாது, 'வடக்கே இருக்கிற டீம்' என்றுதான் சொல்ல வேண்டும், அது உட்டி ஹேஸ் என்கிற பழைய கோச் காலத்து வழக்கம் என்றாய். மேட்ச் வாரத்தில் யூனிவர்சிட்டி போர்டுகளில் எம் எழுத்து வருகிற இடமெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள் என்று போட்டோ அனுப்பினாய். அக்கா மகள் மித்ராவின் பிறந்தநாள் கார்டிலும் அவள் பெயரின் முதல் எழுத்தை அதே மாதிரி அடித்து அனுப்பினாயே, அதை மாப்பிள்ளை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார், தெரியுமா உனக்கு?

அக்காவும் சும்மா இருக்கவில்லை. நீ இருக்கிற கொலம்பஸை மாட்டூர் என்றாள், அவள் ஊர்க்காரர்கள் கௌலம்பஸ் என்றுதான் சொல்வார்களாம். 2022-ல் உங்கள் யூனிவர்சிட்டி 'தி' என்கிற ஒற்றை வார்த்தைக்கு டிரேட்மார்க் வாங்கியதிலிருந்து உன்னை 'தி கார்த்தி' என்றே கூப்பிட ஆரம்பித்தாள். ஜெயித்தால் சோபாவைத் தெருவில் போட்டுக் கொளுத்துகிற ஊராச்சே, தம்பிக்குப் பழைய சோபா ஒன்று பார்சல் பண்ணட்டுமா என்று கேட்டாள். நீ பதிலுக்கு அவள் ஊரைக் கஞ்சா ஊர் என்றாய், 1974-லேயே கஞ்சா பிடித்தால் ஐந்து டாலர்தான் அபராதம் என்று வைத்த ஊர், ஏப்ரலில் அதற்கென்றே யூனிவர்சிட்டி நடுவில் கூட்டம் கூடுகிற ஊர் என்றாய். அம்மா அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் ஒரு வாரம் குறுக்கு விசாரணை நடத்தினாள். பாவம் அந்த மனுஷர், சிகரெட் கூடப் பிடிக்காதவர்.

அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அந்த ஆட்டத்தில் பாதி விதி புரியாது, உங்கள் இரண்டு பேர் சண்டையைப் பார்க்கத்தான் ஸ்கோர் பார்க்கப் பழகினேன்.

அந்த டீ-ஷர்ட் விஷயத்துக்கு வருகிறேன். வரக் கூடாது என்று அம்மா சொன்னாள், பரவாயில்லை. அங்கே அதை ரொம்ப காலமாகப் போடுகிறார்கள், உன் சிநேகிதர்கள் எல்லாரும் போடுகிறார்கள், எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரில் ஆன் என்று பெண் பெயர் இருக்கிறதாம், அதனால் அவளை அந்த வார்த்தையில் சொல்லலாமாம், அது எதுகை மாதிரி வருகிறதாம். அந்த வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. அதைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாய், ஏழு வயசுக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படித்தது, கோயம்புத்தூர்ச் சம்பந்தியம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். 1824-ல் ஜான் ஆலன், எலிஷா ரம்சி என்று இரண்டு பேர் அந்த நிலத்தை வாங்கி ஊர் அமைத்தார்கள், இரண்டு பேர் பெண்டாட்டிக்கும் ஆன் என்று பெயர், அங்கே ஓக் மரத் தோப்பு இருந்தது, அதுதான் ஆர்பர், அவ்வளவுதான். காட்டுக்குள் வந்து குடித்தனம் பண்ணின இரண்டு பெண்கள். அவர்களுக்குக் கால்பந்து ஏது, ஒஹாயோவிடம் என்ன வம்பு? உங்கள் முதல் மேட்சே 1897-ல்தான். அதற்கு முன்னால் 1835-ல் டொலிடோ என்கிற ஊர் யாருக்கு என்று ஒஹாயோவும் மிச்சிகனும் ஆயுதம் தூக்கிக்கொண்டு நின்றார்களே, அதுகூட எல்லைக்கோட்டுத் தகராறு. டொலிடோ உங்களுக்கு வந்தது, அவர்களுக்கு வடக்கே ஒன்றுக்கும் உதவாத காடு என்று எதையோ தள்ளிவிட்டார்கள், அதில் செம்பும் இரும்பும் கிடைத்தது. எல்லைக்கல் சண்டையில் கடைசியில் யாருக்கு லாபம் என்று யாரால் சொல்ல முடியும்? லால்குடி மனையை மனசில் வைத்துத்தான் நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறீர்கள் என்று அம்மா சொல்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. நினைக்க விரும்பவும் இல்லை. பத்திரம் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, அதைப் பற்றி நான் இருக்கிற வரைக்கும் யாரும் பேச வேண்டாம்.

உன் அத்தை கீழ்ப்பாக்கத்தில் வாக்கப்பட்ட கதை உனக்குத் தெரியும். ஊரில் அத்தனை பேரும் அந்த ஆஸ்பத்திரி ஜோக்கையே அடித்தார்கள், முதல் வருஷம் அவளும் சேர்ந்து சிரித்தாள். பொண்ணு பிறந்த பிறகு ஒருநாள் தாத்தா முன்னாலேயே சொன்னாள், இனிமேல் என் வீட்டைச் சொல்லாதீர்கள் என்று. நீ சொல்கிற ஊர் அக்காவுக்கு இனி ஒரு டீம் இல்லை, கார்த்தி. மித்ரா ஸ்கூலுக்குப் போகிற ஊர்.

அக்கா மேலும் தப்பு இருக்கிறது. வாசலில் நிற்கிறவனை உள்ளே கூப்பிடாமல் சட்டையை மாற்றிக்கொண்டு வா என்றாளாமே, அதுவும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவனை. அதை அவளிடமே சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை, போனை மித்ராவிடம் கொடுத்துவிட்டாள். மித்ரா கேட்கிறாள், மாமா இந்தத் தடவை ஜெயித்துவிட்டாரே, ஏன் இன்னும் கிண்டல் பண்ணவில்லை என்று. நான் என்ன பதில் சொல்ல? பரீட்சை என்று சொல்லி வைத்தேன்.

நீ நன்றாகப் படிக்கிறாய், ஸ்டைபெண்டில் மிச்சம் பிடித்து எனக்குக் கண் ஆபரேஷனுக்கு அனுப்பினாய், அதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் ஒரு போன் பண்ண உனக்கு இத்தனை நாளா? அவள் பண்ணட்டும் என்று நீயும், அவன் பண்ணட்டும் என்று அவளும். நீ சின்னவன், நீதான் பண்ண வேண்டும். மன்னிப்பு அது இது என்று ஒன்றும் வேண்டாம், 27-9 என்று மட்டும் அவளுக்கு ஒரு மெசேஜ் போடு, அவளே ஆரம்பித்துவிடுவாள். அதற்கடுத்த வாரம் இந்தியானாவிடம் 13-10 என்று தோற்றீர்களே, அதற்கு நிச்சயம் ஒன்று ரெடியாக வைத்திருப்பாள்.

அப்புறம் ஒரு விஷயம். அம்மா ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாள், உன் விலாசத்துக்கு. பருப்புப் பொடி, மணப்பாறை முறுக்கு, மித்ராவுக்குப் பட்டுப் பாவாடை, மாப்பிள்ளைக்கு வேட்டி. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பெட்டி, தனித்தனியாக அனுப்பினால் கூரியர் சார்ஜ் கட்டுப்படியாகவில்லை. மேப்பில் பார்த்தேன், உன் ஊரையும் அவள் ஊரையும் 23-ம் நம்பர் ரோடுதான் இணைக்கிறது. பொங்கலுக்கு முன்னால் பாவாடை போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைக்குக் குட்டையாகிவிடும். பனி கொட்டுகிற அன்றைக்குக் கிளம்பாதே, டயரைப் பார்த்துக்கொள், போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போ.

அப்பா