இறங்குதுறைத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய அங்கத்தவர்களுக்கு,

யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள எமது ஆலயத்தின் தீர்த்தக்கரையில், படகில் வரும் அடியார்களுக்கென அமைக்கப்பட்ட மர இறங்குதுறையின் வேலைகள் நிறைவுற்றதைத் திருப்பணிச் சபை மகிழ்வுடன் அறியத்தருகிறது. பலகைத் தளத்தையும் கைபிடியையும் நேரிற் காணலாம். காலமும் பணமும் கூடுதலாகச் சென்றது நீருக்கடியில் மறைந்திருக்கும் தூண்களின் அடிக்கே என்பதால், அதையே இங்கு விளக்கவேண்டியுள்ளது.

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் தீவுகளையும் தாங்கி நிற்பது மயோசீன் எனும் பழைய புவியியற் காலத்துச் சுண்ணாம்புக்கல். எமது கரையில் அதன்மேல் ஒரு முழ மணல்கூட இல்லை. மணலில் அடித்து இறக்கும் தூணைச் சுற்றியுள்ள மணலே இறுக்கிப் பிடிக்கும். கல்லில் அது நடவாது. இதை அறிந்திருந்தும், மேற்பரப்பு பொருபொருத்திருப்பதை நம்பி முதலிரு தூண்களை அடிப்பித்தோம். இரண்டும் நுனி பிளந்தன. தவறு சபையினது, மரவேலை செய்த ஓடாவியாருடையதன்று.

அதன்பின், தூணை நிறுத்திச் சுற்றிலும் சீமெந்துச் சாந்து நிரப்புவதற்கென, தூணின் விட்டத்தைவிட மூன்று அங்குலம் அகலமாகவும் மூன்று அடி ஆழமாகவும் கல்லிற் குழிகள் துளைக்கப்பட்டன. கற்பொடி தங்கினால் சாந்து கல்லைப் பற்றாது என்பதால், துளைத்த நேரத்துக்குக் குறையாத நேரம் கழுவுவதற்கும் சென்றது. மேலிருந்து கொட்டும் சீமெந்தைக் கடல்நீர் கரைத்துவிடும். ஆகவே குழாயைக் குழியின் அடிவரை விட்டு, அதன் வாய் எப்போதும் சாந்துக்குள் அமிழ்ந்திருக்கும்படி கீழிருந்து நிரப்பினோம். மூன்றாவது குழி நிரம்பவேயில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் நீர் அரித்த பொந்துகள் இருப்பது இங்கு கிணறு வெட்டிய எவருக்கும் தெரியும். ஆறு மூட்டைச் சீமெந்தை அந்தப் பொந்து விழுங்கிய பின்னரே சரளைக்கல் இட்டு அடைக்கும் யோசனை எமக்கு வந்தது. சீமெந்துச் செலவு மதிப்பீட்டைத் தாண்டியது இதனாலேயே.

தூண்களுக்கு அனுமதியுடன் பெற்ற வன்னிப் பகுதிப் பாலை மரமே பயன்பட்டது. மற்ற மரங்களாயின் சாந்து இறுகும்வரை மிதந்தெழாதபடி பாரமேற்றி வைத்திருக்கவேண்டும்; நீரில் அமிழும் பாலைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆயினும் மரம் ஊறியும் காய்ந்தும் அளவு மாறுவதால் சீமெந்தின் பிடியை மட்டும் நம்பாமல், அலை மேல்நோக்கி இழுக்கும்போது தூண் உருவி வராதபடி, ஒவ்வொன்றின் அடியிலும் குறுக்காகத் துளையிட்டுத் துத்தநாகம் பூசிய கம்பிகள் செருகப்பட்டுச் சாந்துக்குள் புதைக்கப்பட்டன.

எந்த மரமும் கடற்புழுவுக்கு முற்றாகத் தப்பாது. எனவே ஆண்டுதோறும் வாடைக்காற்று தொடங்குமுன் தூண்களைத் தட்டிப் பார்த்து, ஆணிகளை இறுக்கி, நீர்மட்டத்துக்கு மேல் தார் பூசுவதற்கு எஞ்சிய பணம் தனியாக வைக்கப்பட்டுள்ளது. பிளந்த இரு தூண்களும் அறுக்கப்பட்டுக் கரையில் படிக்கட்டைகளாக இடப்பட்டுள்ளன.

திருப்பணிச் சபையினர்