அம்மாவின் குரலைப் பதிந்து அனுப்பு

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பின் ரெஜி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கொன்சிற்றா ரீச்சர் இன்னும் காலைப் பூசைக்கு முதல் வாங்கில்தான். மெழுகுதிரி விஷயத்தில் உன்னை இன்னும் மன்னிக்கவில்லையாம், சொல்லச் சொன்னா. கனடாவுக்கு ஓடினாலும் தப்ப முடியாது பார்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுவாமி கேட்டதால் இந்த வருடம் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். போன கிழமைப் பாடம் கோவாவிலிருந்து வந்த குருவான யோசேப் வாஸ் அடிகளார். புரட்டஸ்தாந்துக்காரரான ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது, கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தது, குருமாரை ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று அறிவித்தது எல்லாம் சொன்னேன். 1687இல் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போனாராம். அதைக் கண்டு எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் நம்மவர்களைக் கண்டுபிடித்தாராம். இந்த இடத்தில் ஒரு பெடியன் கையைத் தூக்கினான்.

"ரீச்சர், அந்த வீட்டு ஆட்கள் ஒல்லாந்தர் கோயிலுக்கும் போனாங்கதானே? அப்ப அவங்க பொய் சொன்னாங்களா?"

அடுத்த கிழமை சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து சரியான நித்திரை இல்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21, கோயில்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறு அன்று நான் எங்கே நின்றேன் என்பது உனக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. கோயில்கள் எல்லாம் பூட்டி, கர்தினாலின் பூசையை நாங்கள் ரீவியில் பார்த்த அந்தக் கிழமை, வாசல் கதவுக்கு மேலிருந்த மாதா படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். பிள்ளையின் கழுத்துச் சிலுவையையும் கழற்றினேன். இந்த வீட்டில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவு பயம்.

அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தா, ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் செபமாலை நேரம் வந்ததும் அலுமாரிக்கு முன்னால் போய் முழங்காலில் இருந்தா. நாங்களும் பின்னால் இருந்தோம். மூடின அலுமாரிக் கதவைப் பார்த்துத்தான் அன்று அருள் நிறைந்த மரியே சொன்னோம். குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலை ஜூன் 12ஆம் திகதி திரும்பத் திறந்தார்கள். எங்கள் படம் நத்தார் வரை உள்ளேதான் இருந்தது.

இப்போது யோசித்தால், அந்தப் பழைய சனம் இதைத்தானே செய்தார்கள், ரெஜி? கலியாணத்தை ஒல்லாந்தரிடம் பதியாவிட்டால் காணி பிள்ளைக்குப் போகாது. அதனால் பகலில் அங்கே பெயர் கொடுத்தார்கள். வாஸ் அடிகளார் வரும்வரை கிட்டத்தட்ட 30 வருடம் இங்கே குரு என்று ஒருவருமில்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அவர் வந்த பிறகும் ஒரு ஊருக்கு எப்போதாவதுதான் அவரால் போக முடிந்தது. இடையில் மூப்பரும் அண்ணாவியும்தான் செபம் நடத்தினார்கள். வீட்டில் தாய்மார் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 1689 நத்தார் இரவு யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியவர்களை ஒல்லாந்தரின் ஆட்கள் வந்து பிடித்தார்கள், அடித்தே ஒருவரைக் கொன்றார்கள். பயமில்லாதவர்களா அந்த வீட்டில் கூடினார்கள்? பயத்தோடுதான் கூடினார்கள். அவர்களைப் பொய்யர் என்று என்னால் சொல்ல முடியாது. மறைத்தது சரிதான் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

2019 உயிர்த்த ஞாயிறில் இறந்த 167 கத்தோலிக்கரை 2025இல் விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் வத்திக்கான் சேர்த்தது. அவர்களிடம் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, ஒளியவும் நேரமில்லை. நல்ல உடுப்பு உடுத்துப் பூசைக்கு வந்திருந்தார்கள், அவ்வளவுதான். அதை நினைக்கும்போது இந்த அலுமாரிக் கதை தொண்டையில் நிற்கிறது.

பெடியனிடம் அதையே சொல்லப்போகிறேன், படம் உள்ளே இருந்த மாதங்களையும் சேர்த்து. அவன் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

உன்னிடம் ஒரு உதவி. உன் அம்மா சில்லாலைக்காரி. அவவின் ஊரில்தானே வாஸ் அடிகளாரை வைத்துக் காப்பாற்றினார்கள். தபசு காலத்தில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் கொன்சால்வெஸ் சுவாமியின் வியாகுலப் பிரசங்கத்தை அவ ராகம் இழுத்துப் படிக்கும்போது நாங்கள் பாயில் படுத்தபடியே அழுதது நினைவிருக்கிறதா? என் அம்மாவும் அதைப் புத்தகம் பாராமல் சொல்லுவா. அம்மா போனபிறகு எனக்குப் பாதிதான் வருகிறது, ராகமும் பிசகுகிறது. உன் அம்மாவை உட்காரவைத்து முழுவதையும் போனில் பதிந்து அனுப்பு. இருமல் வந்தாலும் வெட்டாதே, அப்படியே அனுப்பு. வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கிடைத்தால் நல்லது. தபாலை நம்பாதே, வாட்ஸ்அப்பில் போடு.

அன்புடன்,
மெர்சி