வீடு மாறினால் படிவம் 6 அல்ல, படிவம் 8

ஆசிரியருக்கு வணக்கம்.

வாடகை வீடு மாறுகிறவர்கள் பலர் வாக்காளர் அட்டைக்காக இன்னமும் படிவம் 6-ஐத்தான் நிரப்புகிறார்கள். அது முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கானது. 2022 ஆகஸ்ட் 1 முதல், பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் வேறு மாவட்டத்துக்கே போனாலும் படிவம் 8 ஒன்றுதான். படிவம் 6 கொடுத்தால் பழைய தொகுதியில் பெயர் அப்படியே நிற்க, புதிய தொகுதியிலும் ஒன்று ஏறிவிடக்கூடும். ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக் கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். படிவத்தில் தெரிந்தே பொய்யான உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டுமே.

வேண்டுமென்று யாரும் இப்படிச் செய்வதில்லை. பிரவுசிங் சென்டரில் போய் "புது அட்டை வேணும்" என்கிறார்கள். அங்கிருப்பவரும் புதிய வாக்காளர் என்று பதிந்துவிடுகிறார். "வீடு மாறிட்டோம், அட்ரஸ் மாத்தணும்" என்று கேட்க வேண்டும். உங்கள் பழைய அட்டையின் எண்ணைக் கேட்காமலே படிவத்தை நிரப்பினால், தவறான படிவம் என்று அங்கேயே தடுத்துவிடலாம்.

படிவம் 8-க்கு முன்பே ஆதாரில் முகவரியை மாற்றிக்கொள்வது நல்லது. வாடகைக்கு இருப்பவர் கையில் வேறு என்ன சான்று இருக்கிறது? கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் வரும். 11 மாதத்துக்கு எழுதிய ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் பதிவு செய்வதில்லை. தேர்தல் ஆணையம் கேட்பதோ பதிவு செய்த ஒப்பந்தம். கேஸ் இணைப்பு என்றால் அந்த முகவரியில் ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மிஞ்சுவது ஆதாரும் வங்கி பாஸ்புக்கும்தான். புகைப்படம் ஒட்டி, கிளையின் முத்திரையும் கையெழுத்தும் உள்ள பாஸ்புக் ஆதார் முகவரி மாற்றத்துக்கும் செல்லும். ஆகவே வீடு மாறியதும் முதல் வேலை வங்கிக் கிளையில்.

ஆதார் தளத்தில் ஓடிபி வந்தால்தான் உள்ளே போக முடியும். பழைய செல்போன் எண்ணை விட்டுவிட்டவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அடுத்து ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் நாம் அடிக்கும் முகவரியைக் கணினி தானாகவே தமிழாக்கிக் காட்டும். "பள்ளிவாசல் தெரு" அதில் "பல்லிவாசல் தெரு" என்று வந்து நிற்கும். அந்தத் தமிழ் வரியைத் திருத்தலாம். ஆனால் பலர் அதைப் படிக்காமலே அனுப்பிவிடுகிறார்கள். கதவு எண்ணில் பழையது எது, புதியது எது என்பதையும் பாஸ்புக்கில் உள்ளபடியே எழுதுங்கள்.

வீட்டில் ஒருவர் ஆதாரில் முகவரி மாறிவிட்டால், மற்றவர்கள் அவரைக் குடும்பத் தலைவராகக் காட்டி மாற்றிக்கொள்ளலாம். 18 வயது நிரம்பியிருந்தால் போதும், மனைவியும் தலைவராகலாம். ஆனால் அவருக்கு வரும் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து 30 நாளுக்குள் தளத்தில் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் காலாவதி. கட்டிய பணமும் திரும்பாது.

படிவம் 8 கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் விசாரிக்க வரும்போது வீடு பூட்டிக் கிடந்தால், அக்கம்பக்கத்தார் "அப்படி யாரும் இல்லையே" என்று சொல்லிவிடக்கூடும். புதிதாகக் குடிவந்தவர்கள் மாடி வீட்டாரிடமும் எதிர்வீட்டாரிடமும் பெயரைச் சொல்லி வையுங்கள்.

அட்டை எண் மாறாது. ஆனால் கையில் அட்டை இருப்பது மட்டும் போதாது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்து ஓடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம்.

இ-சேவை மையங்களிலும் தாலுகா அலுவலகங்களிலும் "வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8" என்று ஒரு வரி எழுதி வாசலிலேயே ஒட்ட அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்